புள்ளி வைக்காத ராணி

மதியம் இரண்டேகால் மணிக்கு, ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவரின் மேல்வரிசைப் பற்களை இடது கையில் ஏந்திக்கொண்டு, வலது கையால் மேசையின் கடைசி இழுப்பறையைத் திறந்தார் பல்செட்டுக்காரர். ஒரு சொட்டு சர்க்கரைத் தண்ணீர் வைத்துவிட்டு மூடிவிடுவதுதான் எண்ணம். நெற்றியில் மாட்டும் பூதக்கண்ணாடி வேலை மும்முரத்தில் கண்ணுக்கு இறங்கியிருந்தது. அதனால் சும்மா ஒரு பார்வை பார்த்தார். பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். தபால்காரரின் பற்கள் கையில் இருந்தபடி அவரைப் பார்த்து இளித்துக்கொண்டிருந்தன.

இழுப்பறைக்குள் இருந்தது சோப்புப் பெட்டி அளவுக்கு ஒரு பிளாஸ்டர் கட்டி. மேலே கண்ணாடி மூடி. பல் அச்சு வார்க்கிற அதே பிளாஸ்டர்தான். அதற்குள் அவரே குடைந்த அறைகள், அறைகளை இணைக்கும் சந்துகள். நடு அறையில் ஐந்து ராணி எறும்புகள், முதுகில் ஆளுக்கொரு ரோஸ் நிறப் புள்ளியோடு. செயற்கை ஈறுக்குப் பூசுகிற சாயத்தை ஒற்றை முடியின் நுனியில் தொட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு அவர் வைத்த புள்ளிகள். ஐவரும் சுகம். ஆனால் ஓரத்து அறையில் ஆறாவதாக ஒருத்தி இருந்தாள். அதே பருத்த வயிறு, அதே சோம்பல் நடை, சுற்றிலும் அதே பணிவிடை. முதுகில் மட்டும் புள்ளி இல்லை. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு முட்டையை இட்டாள். வேலைக்கார எறும்பொன்று அதைக் கவ்விக்கொண்டு சந்துக்குள் மறைந்தது.

புள்ளி இருந்தால் ராணி, புள்ளி இல்லையென்றால் வேலைக்காரி. இந்த ஒன்றை நம்பித்தான் மூன்று வாரத்துக்கு முன்னால் அந்தக் காரியத்தைச் செய்திருந்தார். கூட்டுக்குள்ளேயே புது ராணிகள் பிறந்தால், அவர்கள் தாமாக வந்து முதுகைக் காட்டிக்கொண்டு வரிசையில் நிற்பார்கள் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது.

அந்தக் காரியம் என்னவென்று சொல்வதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். மனிதருக்கு நாற்பத்து நான்கு வயது. கல்யாணம் ஆகவில்லை. சீட்டு இல்லை, சிகரெட் இல்லை, சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் வெளியே பார்க்க முடியாது. பேசுவதற்கு ஒன்றும் கொடுக்காத இப்படிப்பட்ட ஆளை வைத்துக்கொண்டு அக்கம்பக்கம்தான் என்ன செய்யும்? இரண்டு வருடம் முன்பு எறும்பு வளர்ப்பவர்களின் இணையக் குழு ஒன்றில் சேர்ந்தார் என்று தெரிந்தபோது எல்லோருக்கும் ஒரு நிம்மதி. முதலில் சுவரோரத்துக் கறுப்பு எறும்பை வளர்த்தார். பிறகு எல்லாப் பித்தும் போகிற வழியில் இதுவும் போயிற்று: பக்கத்தில் கிடைப்பது சலித்துவிட்டது. கடல் தாண்டி எங்கேயோ இருக்கிற ஒருவன், பஞ்சு அடைத்த கண்ணாடிக் குழாயில் ஐந்து ராணிகளையும் ஒரு பிடி பழுப்பு வேலைக்காரிகளையும் தபாலில் அனுப்பி வைத்தான். பொட்டலத்தின் மேல் ‘பல் மாதிரிகள்’ என்று எழுதச் சொன்னது இவருடைய யோசனை. இருபது வருடமாகப் பல் மாதிரிகள் வந்து போகிற முகவரி. யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. அந்தச் சாமர்த்தியத்தை நினைத்து ரொம்ப நாள் உள்ளூரப் பூரித்துப் போயிருந்தார்.

ஐந்து ராணிகள் சேர்ந்தால் கேட்க வேண்டுமா. எட்டு மாதத்தில் கூட்டம் ஆயிரங்களில் பெருகி, அவர் வேலை பார்க்கும் பின்னறையிலிருந்து பல் டாக்டரம்மாவின் சிகிச்சை அறைக்குள் எட்டிப் பார்த்தது. வாயைப் பிளந்தபடி நாற்காலியில் சாய்ந்திருந்த ஒருவர், தலைக்கு மேலே விளக்குத் தண்டில் வரிசையாகப் போகிற எறும்புகளைக் கண்டு வாயில் பஞ்சோடு ஏதோ அலறினார். வலிக்கிறது போலும் என்று டாக்டரம்மா இன்னொரு ஊசி போட்டுவிட்டார். விஷயம் தெரிந்ததும் பின்னறைக்கு வந்து, குரலை உயர்த்தாமல், “ரெண்டு நாள். எறும்பு போகணும். இல்லன்னா எறும்போட சேர்ந்து நீங்களும் போகலாம்” என்றார்.

குழுவில் ‘கண்ணாடிக்குழாய்’ என்ற பெயரில் எழுதும் ஒரு பெண் தெளிவாகத்தான் சொன்னாள். “ஃப்ரீசர்ல வெச்சிடுங்க. தூங்கற மாதிரி போயிடும். வெளிய மட்டும் விட்டுடாதீங்க சார், அது இந்த மண்ணுல பொறந்தது இல்ல.” வைத்தார். நான்கு நிமிடம் கழித்துத் திறந்து பார்த்தபோது, குளிருக்கு எல்லாம் ஒன்றையொன்று கட்டிப்பிடித்து ஒரே உருண்டையாகச் சுருண்டிருந்தன. வெளியே எடுத்துவிட்டார். பிறகு அவருக்கே உரிய முறையில் ஒரு சமரசம் செய்துகொண்டார். ஈரத் தூரிகையால் புள்ளி வைத்த ஐந்து ராணிகளைப் பொறுக்கி, இருநூறு வேலைக்காரிகளோடு இழுப்பறையில் வைத்துக்கொண்டார். மிச்சம் ஆயிரங்களை ஒரு பிளாஸ்டர் டின்னில் அடைத்து, அதே கட்டிடத்தின் மொட்டை மாடிக்குக் கொண்டுபோய், அங்கே செடி வளர்க்கும் அக்காவின் எலுமிச்சைத் தொட்டியில் கொட்டினார். முட்டையிட முடியாத ஜென்மங்கள். கொஞ்ச நாள் வெயிலும் காற்றும் பார்த்துவிட்டுத் தானாகப் போய்ச் சேரட்டும். கொன்ற பாவமும் வேண்டாம், வைத்திருந்த பழியும் வேண்டாம். டாக்டரம்மாவிடம் “எல்லாம் போயிடுச்சு மேடம்” என்றார். ஆக எல்லோருக்கும் நல்லவர்.

இப்போது இழுப்பறையில் ஆறாவது ராணி. இங்கே ஒருத்தி தப்பியிருந்தால், அந்த டின்னில் எத்தனை பேர் போனார்கள்?

தபால்காரரின் பற்களை மேசையில் வைத்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். இன்று வெள்ளிக்கிழமை. மூன்று மணிக்கு மாடிக்கு வேன் ஆள் வருவான். அக்காவின் முப்பத்தெட்டுத் தொட்டிகளும் ஊருக்கு வெளியே இருக்கிற செடிப் பண்ணைக்குப் போகின்றன. அந்தப் பண்ணையைச் சுற்றிலும் தோப்புகள். அங்கிருந்து இருபது ஊர்களுக்குச் செடி போகிறது.

நான்கு மாடி ஏறினார். லிஃப்ட் இருந்தது, அது நினைவுக்கு வந்தபோது மூன்றாவது மாடியில் இருந்தார்.

அக்காவைப் பற்றி ஒரு வார்த்தை. தொலைபேசி இணைப்பகத்தில் இருபத்தெட்டு வருடம் ஊரார் பேச்சை இணைத்துக் கொடுத்தவள். கணவர் போன பிறகு, ஓய்வும் பெற்ற பிறகு, மாடியில் செடி வளர்க்க ஆரம்பித்தாள். போன வருடம் பண்ணைக்கு முதல் தடவையாக அனுப்பிய செடிகளில் மாவுப்பூச்சி இருந்ததென்று, பண்ணைக்காரர் அத்தனையையும் அதே வேனில் திருப்பி அனுப்பினார். கட்டிடமே ஜன்னலில் நின்று வேடிக்கை பார்த்தது. அதன் பிறகு ஒரு வருடம் இலை இலையாகத் துடைத்து, நேரில் இரண்டு முறை போய்ப் பேசி, இன்னொரு வாய்ப்பு வாங்கியிருந்தாள். இன்னொன்று என்றால் ஒன்றுதான். பண்ணைக்காரர் அப்படித்தான் சொல்லியிருந்தார்.

“என்னடா, பல்லு புடுங்கற நேரத்துல இங்க என்ன வேலை?” என்றாள் அக்கா. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, தொட்டிகளுக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தாள்.

“நான் பல்லு புடுங்கறதில்லக்கா. செய்யறேன்.”

“ரெண்டும் வாய்க்குள்ளதான. முதல்ல நெத்தில இருக்கறதக் கழட்டு. பாக்கறவங்க செடிக்குப் பல்லு வலின்னு நினைச்சிடப் போறாங்க.”

கழற்றவில்லை. எலுமிச்சைத் தொட்டியருகே குந்தினார். கிளையின் கவட்டில் வெள்ளையாகக் கொஞ்சம் மாவுப்பூச்சி ஒட்டியிருந்தது. எறும்புகள் மாடு மேய்ப்பவர்கள் போல அதைச் சுற்றி நின்றன. தொட்டியை மெல்லச் சாய்த்து அடியில் இருக்கும் நீர்த் துளைக்குள் பார்த்தார். வெள்ளை வெள்ளையாக முட்டைகள். நடுவே பருத்த வயிறுகள் மூன்று. புள்ளி எதிலும் இல்லை. வெளிச்சம் பட்டதும் வேலைக்காரிகள் முட்டைகளைத் தூக்கிக்கொண்டு மேலே ஓடின. அவர் தொட்டியைச் சரியாக, சத்தமே வராமல், பழையபடி வைத்தார்.

“இந்த எலுமிச்சையை எனக்குக் குடுத்துடேன்க்கா.”

“எதுக்கு?”

“கிளினிக்ல வைக்க.”

“உன் ரூம்ல உனக்கே வெயில் இல்ல. பேசாம இரு. அது லிஸ்ட்ல இருக்கு.”

இந்த ஒன்றை மட்டும் அப்புறப்படுத்திவிட்டால் என்று ஒரு நிமிடம் நினைத்தார். தரை சிமெண்ட் தகித்ததால் எறும்புகள் கீழே இறங்கவில்லை. ஆனால் தொட்டிகள் தோளோடு தோள் உரசி நின்றன. எலுமிச்சை இலையிலிருந்து ரோஜாவுக்கு ஒரு வரிசை போயிற்று. ரோஜாவிலிருந்து செம்பருத்திக்கு. செம்பருத்தியின் துளைக்குள்ளும் வெள்ளையாக எதுவோ இருந்தது. அதற்கு மேல் அவர் குனிந்து பார்க்கவில்லை.

கீழே வேன் ஹாரன் அடித்தது. மணி இரண்டே முக்கால்தான். ஊரில் எந்த வேனாவது நேரத்துக்கு முன்னால் வருமா? இது வந்தது.

டிரைவர் கைக்கு இரண்டாகத் தொட்டிகளைத் தூக்கி லிஃப்டில் அடுக்கினான். அக்கா செடிப் பட்டியல் எழுதிய சீட்டில் டிக் அடித்தாள். பல்செட்டுக்காரர் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் நின்றார். நான்கு போயிற்று. எட்டு போயிற்று. இப்போது பேசாமல் இருந்துவிட்டால் தமக்கு ஒன்றும் ஆகாது என்பதுதான் அவரை அதிகம் பயமுறுத்தியது. எறும்புக்கு முகவரி கிடையாது. எங்கிருந்து வந்தாய் என்று யாராவது கேட்டால், பின்னறையில் ஒரு பல்செட்டுக்காரர் இருக்கிறார் என்று அது சொல்லப் போவதில்லை. இரண்டு வருடம் கழித்துத் தோப்புக்காரர் ஒருவர், என்னடா இது, மரத்தில் நம் எறும்பையே காணோம், இந்தச் சின்னது மட்டும் கோடிக்கணக்கில் இருக்கிறதே என்று தலையைச் சொறிவார். அக்கா அதைச் செய்தியாகப் படித்துவிட்டு இவருக்கே சொல்லுவாள். இவர் அப்படியா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். பன்னிரண்டு போயிற்று. டிரைவர் எலுமிச்சைத் தொட்டியைத் தூக்கி மார்போடு அணைத்தான்.

“அதை வைங்க” என்றார். டிரைவர் காதில் வாங்கவில்லை. மறுபடி, “அதைக் கீழ வைங்க. ஏத்தினதையும் இறக்குங்க.”

அக்கா பேனாவைக் காதில் செருகிக்கொண்டு திரும்பினாள். “என்னடா விளையாட்டு?”

சொன்னார். ஃப்ரீசர், டின், புள்ளி, ஆறாவது ராணி, ‘பல் மாதிரிகள்’ எல்லாவற்றையும், முன்பின்னாக, மூச்சு வாங்க. அக்கா குறுக்கே பேசவில்லை. ஊரார் பேச்சை இருபத்தெட்டு வருடம் கேட்டவளுக்கு எங்கே குறுக்கே பேசக்கூடாது என்று தெரியும்.

“எத்தனை நாளா?”

“மூணு வாரம்.”

“மூணு வாரமா தினம் சாயங்காலம் வந்து, என் கையால டீ குடிச்சிட்டு, இந்த மூலையிலயே உக்காந்திருந்தியே.” அவள் அவரைப் பார்க்காமல் எலுமிச்சையைப் பார்த்துச் சொன்னாள். “அக்கா மேல இவ்வளவு பாசமான்னு நினைச்சேன்டா நானு.”



டிரைவர் இன்னும் தொட்டியைக் கீழே வைக்கவில்லை. “ஏங்க, எறும்பு இல்லாத செடி எங்கங்க இருக்கு? நான் பாட்டுக்கு ஏத்திட்டுப் போறேன். யாரு பூதக்கண்ணாடி வெச்சுப் பாக்கப் போறாங்க? உங்க தம்பியைத் தவிர.”

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. அக்காவுக்கும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும்; சீட்டை ஒரு தடவை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். பன்னிரண்டு டிக். அதற்குக் கீழே இருபத்தாறு வெறுமையாக. அந்த நேரத்தில் அவள் ‘சரி, ஏத்து’ என்றால் தாம் தடுக்கப் போவதில்லை என்று அவருக்குத் தெரிந்தது. அதைவிடக் கேவலமாக, அவள் அப்படிச் சொல்லிவிட மாட்டாளா என்று மனசு ஓரமாக ஏங்கவும் செய்தது.

“அங்க போனா என்னடா ஆகும்?”

“மாவுப்பூச்சிக்குக் காவல் இருந்து வளக்கும். மத்த எறும்பை இருக்க விடாது. அப்புறம் யாராலயும் எடுக்க முடியாதுக்கா.”

“நிச்சயமாவா?”

பொய் சொல்ல இதுவே நல்ல இடம். “நிச்சயமில்ல. ஒருவேளை அதுவா செத்தும் போகலாம்.”

“ஒருவேளை” என்றாள் அக்கா. பிறகு போனை எடுத்துக்கொண்டு மாடியின் மறுகோடிக்குப் போனாள். அவளுடைய பாதி மட்டும் காற்றில் வந்தது. “வணக்கங்க... இல்ல, வேன் வந்துடுச்சு. நான்தான் அனுப்பல... ஆமா, பூச்சிதான். இது வேற... என் தம்பி விட்டதுங்க. என் வீட்டு ஆளுதான்... தெரியும்ங்க. நீங்க சொன்னது ஞாபகம் இருக்கு.” அதன் பிறகு நீண்ட நேரம் அந்தப் பக்கம்தான் பேசியது. “சரிங்க. நீங்க சொல்றது சரிதான்.” அவள் திரும்பி வந்தபோது முகத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. காதிலிருந்த பேனாவை எடுத்து, சீட்டின் மேல் குறுக்கே ஒரு கோடு இழுத்தாள். டிரைவர் யார் பக்கமும் சேராமல் பன்னிரண்டையும் மேலே கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான்.

பாதியாக வெட்டிய பிளாஸ்டிக் டிரம்கள் இரண்டில் தண்ணீர் பிடித்து, துணி சோப்பைத் தனியே கரைத்து வைத்துக்கொண்டு, தொட்டிகளை ஒவ்வொன்றாக முக்கினார்கள். அவர்தான் முக்கினார், அக்கா நின்றாள். முதலில் குமிழிகள் வந்தன. பிறகு மண்ணிலிருந்து எறும்புகள் பொங்கி மேலே வந்து, ஒன்றின் காலை ஒன்று பற்றிக்கொண்டு, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தெப்பமாயின. முட்டைகளைத் தெப்பத்தின் நடுவே தூக்கி வைத்துக்கொண்டன. அடியில் இருப்பவை மூழ்க, மேலே இருப்பவை கீழே மாறின. இவ்வளவு அழகாக அவர் இழுப்பறையில் ஒரு நாளும் பார்த்ததில்லை. வாயைத் திறந்து அக்காவிடம் காட்டப் போனார்.

“ஊத்து” என்றாள் அக்கா.

சோப்புத் தண்ணீரை ஊற்றினார். தெப்பம் கைவிட்டுப் பிரிந்தது.

“அன்னிக்கு ஃப்ரிட்ஜுலயே விட்டுட மனசு வரலைன்னியே. இப்ப எத்தனை ஆச்சு?”

அடுத்த தொட்டியைத் தூக்கினார். எலுமிச்சை, ரோஜா, செம்பருத்தி. இருபதாவது தொட்டிக்கு மேல் எறும்பு இருக்கிறதா இல்லையா என்று பார்ப்பதையே விட்டுவிட்டார். சோப்புத் தண்ணீரில் வேர் ஊறிய பிறகு எத்தனை செடி பிழைக்கும் என்று அவர் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. முப்பத்தெட்டும் முடிந்தபோது முழங்கை வரை சேறு. அக்கா எலுமிச்சை நின்றிருந்த மூலையையே வெறித்துக்கொண்டிருந்தாள்.

“தம்பி,” என்றாள். மூன்று மணி நேரத்தில் முதல் தடவை அப்படிக் கூப்பிட்டாள். “காலைல முதல் மாடி தையல்காரம்மா வந்து புதினா கேட்டாங்க. லிஸ்ட்ல இல்லாததுதானேன்னு ஒரு தொட்டி குடுத்தேன். எலுமிச்சைக்கு ஒட்டினாப்பல இருந்தது.”

அவர் எழுந்தார். எதையோ நினைத்தவர் போல, எலுமிச்சையின் உச்சிக் கிளையில் ஈரம் படாமல் ஒளிந்திருந்த எறும்பு ஒன்றை, சட்டைப் பையில் எப்போதும் வைத்திருக்கும் கண்ணாடிக் குழாய்க்குள் தட்டிவிட்டுப் பஞ்சை அடைத்தார்.

“நீயே போ” என்றாள் அக்கா. “அங்கயும் பாதியைச் சொல்லிட்டுப் பாதியை வெச்சுக்காத.”

தையல்காரம்மா வாயில் குண்டூசிகளோடு கதவைத் திறந்தாள். அவர் கோலத்தைப் பார்த்து ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தோள் சேலையில் குத்திக்கொண்டாள். அவர் விஷயத்தைச் சொன்னார். இந்த முறை வரிசையாகவே சொல்ல வந்தது. தவறு தம்முடையது என்ற இடத்திலிருந்து ஆரம்பித்தார்.

“அட, இந்த எறும்புக்கா இவ்வளவு?” என்றாள் தையல்காரம்மா. “ஒரு மணி நேரமா வரிசையாப் போய்ட்டு வருது. பாவம், பசி போலன்னு நான்தான் கொஞ்சம் சர்க்கரை வெச்சேன்.”

ஜன்னல் விளிம்பில் புதினா நின்றது. பக்கத்தில் ஒரு சிட்டிகை சர்க்கரை. அங்கிருந்து ஒரு மெல்லிய பழுப்புக் கோடு விளிம்பைத் தாண்டி, மழைநீர்க் குழாயின் பின்புறமாக இறங்கி, கீழே தோட்டத்து மண்ணில் போய் மறைந்தது. அல்லது மண்ணிலிருந்து ஏறிச் சர்க்கரைக்கு வந்தது. பூதக்கண்ணாடியை இறக்கிக்கொண்டு குனிந்தார். சுவரோரத்தில் என்றைக்கும் இருக்கிற சின்னப் பழுப்பு எறும்பும் இப்படித்தான் இருக்கும். அளவு அதே, நிறம் அதே. வியர்வை கண்ணாடியில் வழிந்தது. நிமிர்ந்து, சட்டைப் பையிலிருந்து குழாயை எடுத்தார்.

“என்ன, ஜோசியம் பாக்கப் போறீங்களா?”

“மாடி எறும்பு ஒண்ணு இதுல இருக்கு. இதை அந்த வரிசையில விடுவேன். ஒரே கூடுன்னா மீசையால தொட்டுப் பாத்துட்டு, பேசாமப் போயிடும். இது வேற, அது வேறன்னா கடிச்சிக்கும்.”

தையல்காரம்மா முழங்காலில் கை ஊன்றி அவர் பக்கத்தில் குனிந்தாள். “கடிச்சிக்கிட்டா?”

“கடிச்சிக்கிட்டா நல்லதும்மா.”

பஞ்சை எடுத்தார். எறும்பு குழாயின் வாயில் நின்று, தலையை வெளியே நீட்டி, காற்றைத் தடவியது. பிறகு விளிம்பில் இறங்கியது. இரண்டடி இப்படி, ஓரடி அப்படி. கீழேயிருந்து ஏறி வந்துகொண்டிருந்த வரிசையில் முதலாவது, வாயில் எதுவும் இல்லாமல், நேராக அதை நோக்கி வந்தது. ஒரு அரிசி நீளத்துக்கு முன்னால் இரண்டும் நின்றன. பின்னால் வந்தவையும் நின்றன. எறும்புகள் மேல் மூச்சுப் படாமல் இருக்கத் தையல்காரம்மா தன் வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். விளிம்பின் வெள்ளைச் சுண்ணாம்பின் மேல், நான்கு மெல்லிய மீசைகளும் மெதுவாக உயர்ந்து, ஒன்றையொன்று நோக்கி நீண்டன.